களுவாஞ்சிக்குடித் தம்பிக்கு: வாசலில் செய்வதும் கதவு மூடிச் செய்வதும்

வாசகர் கேள்வி: அண்ணன், எனக்கு ஊர் களுவாஞ்சிக்குடி. கத்தாரில் 6 வருடம் கார் பெயின்ட் பாதுகாப்பு வேலை செய்தேன். கண்ணாடிக்கு டின்ட் ஒட்டுவது, செரமிக் கோட்டிங் (பெயின்டின் மேல் பூசி இறுக விடுகிற மெல்லிய படலம்), பிபிஎஃப் (பெயின்டின் மேல் ஒட்டுகிற தடித்த தெளிவான பிலிம்) எல்லாம் தெரியும். இனித் திரும்பிப் போக விருப்பமில்லை. கையில் 9 இலட்சம் ரூபா இருக்கிறது. ஒரு சின்னப் பட்டா லொறியை லீசிங்கில் எடுத்து, தண்ணீர்த் தாங்கியும் ஜெனரேற்றரும் பூட்டி, மட்டக்களப்பு தொடக்கம் அக்கரைப்பற்று வரை வீடு வீடாகப் போய்ச் செய்ய யோசிக்கிறேன். ஹயர் வான் ஓடுகிற அப்பா, "கார் கழுவவா கத்தாருக்குப் போனாய்?" என்று கேட்கிறார். இது சரிவருமா? முதலில் எதை வாங்குவது? டின்ட் ஒட்டினால் பொலிஸ் பிடிக்குமா?

பதில்:

தம்பி, சரிவரும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற மாதிரியே தொடங்கினால் ஆறு மாதத்தில் லொறி லீசிங் கொம்பனிக்கும், நீங்கள் கத்தாருக்கும் திரும்பிப் போகவேண்டி வரும். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நீங்கள் வேலை பழகிய இடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நாலு பக்கமும் அடைத்த அறை, குளிரூட்டி, கழுவி விட்ட தரை, வடிகட்டிய தண்ணீர், தலைக்கு மேலே வரிசையாக லைட். உங்கள் கைக்கு வந்த பழக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். அந்த அறையைக் கொண்டுவரவில்லை. செரமிக் கோட்டிங்கும் பிபிஎஃப்பும் கையால் பாதி, அறையால் பாதி செய்கிற வேலைகள். எங்கள் பக்கத்தில் வைகாசியிலிருந்து ஆவணி வரை அடிக்கிற கச்சான் காற்றை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. காலையில் இலை அசையாது. பத்து மணிக்குப் பிறகு சுடுமணலை வாரிக்கொண்டு வரும்.

நான் தொழில் தொடங்கிய இரண்டாவது வருடம், ஆடி மாதம், ஆரையம்பதியில் ஒரு வீட்டு மாமரத்தின் கீழ் ஒரு காருக்குக் கோட்டிங் போட்டேன். வீட்டுக்காரர் நல்ல மனிதர், "இங்கேயே செய்யுங்க தம்பி, நிழல்தானே" என்றார். பொனட்டும் கூரையும் முடித்து இடது பக்கக் கதவுக்கு வரும்போது காற்று தொடங்கியது. மெல்லிய மணல் முழுக்கக் கோட்டிங்கில் ஒட்டி, அப்படியே இறுகிவிட்டது. துடைத்தால் கீறும், விட்டால் உப்புத்தாள் மாதிரி இருக்கும். அதைக் கம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை போட்டு வெட்டி எடுக்க மூன்று நாள் ஆனது. காசு வாங்கவில்லை. காசு போனதுகூடப் பெரிதில்லை, அந்தக் காரின் கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலே இருக்கிற தெளிவான பூச்சை, நான் வெட்டிக் குறைத்ததுதான் இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. கொம்பனிப் பெயின்டின் மேல் இருக்கிற கிளியர் கோட் 40, 50 மைக்ரோன் அளவுதான். ஒரு ஏ4 தாளின் தடிப்பில் பாதி. அதற்குள்தான் ஒரு காரின் வாழ்நாள் முழுவதற்குமான பொலிஷ் அடங்கியிருக்கிறது. வெட்டினால் திரும்ப வளராது.

அதனால் வேலைகளை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கழுவுவது, கார்க் களிக்கட்டியால் (கிளே பார்) தேய்த்துப் பெயின்டில் ஒட்டிய துகள்களை எடுப்பது, உள்பக்கம் துப்புரவு செய்வது, மங்கிய ஹெட்லைட்டைத் தெளிவாக்குவது, ஏற்கெனவே கோட்டிங் போட்ட காருக்கு மாதாந்தப் பராமரிப்பு, இவையெல்லாம் வாடிக்கையாளரின் வாசலில் தாராளமாகச் செய்யலாம். டின்ட் பாதிக்குப் பாதி. மூன்று பக்கம் சுவரும் மேலே கூரையும் உள்ள கார் கொட்டில் என்றால், காலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரைக்குள் செய்யலாம். மரநிழலில் செய்யவே கூடாது. செரமிக்கும் பிபிஎஃப்பும் கதவு மூடிய அறைக்குள் மட்டும். இந்த விடயத்தில் யார் கெஞ்சினாலும் இளகாதீர்கள்.

அந்த அறைக்குப் பெரிய செலவு வேண்டாம். களுவாஞ்சிக்குடியிலோ கல்முனைப் பக்கமோ ஒரு சேர்விஸ் ஸ்டேசனில் சும்மா கிடக்கிற ஒரு கார் நிற்கும் இடத்தை மாத வாடகைக்குக் கேளுங்கள். அல்லது வேலைக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். நாலு பக்கமும் தடித்த பொலித்தீன் திரை, தரையில் வெடிப்புகளை அடைத்து ஒரு பூச்சு, சுவரில் நிறுத்தி வைக்கிற எல்இடி லைட் நாலு. வேலை தொடங்க அரைமணி நேரம் முன் தரையை நனைத்து விடுங்கள், தூசு எழும்பாது. மின்விசிறியை நிறுத்தி விடுங்கள். கோட்டிங்கை விடிய ஐந்து மணிக்கோ இரவு ஏழு மணிக்குப் பிறகோ செய்யுங்கள். பகலில் வெயிலில் நின்று வந்த காரின் கூரையைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டில் கோட்டிங் நீங்கள் துடைக்க முன்னமே பிடித்துக்கொள்ளும். எங்கள் கடற்கரை ஈரக்காற்றில் அது நடந்துகொள்கிற விதமும் தோஹாவின் குளிர் அறையில் பார்த்ததுபோல இருக்காது. ஒருமுறைக்கு இரண்டு அடிக்கு இரண்டு அடி மட்டும் போட்டு, லைட்டைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துத் துடைத்துப் பழகுங்கள். போட்ட பிறகு முதல் 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. ஒரு கிழமைக்குச் சவர்க்காரம் போட்டுக் கழுவக்கூடாது. அதனால் கார் ஒரு இரவு உங்களிடம்தான் நிற்க வேண்டும். சாவியைக் கொடுக்கும்போதே வாடிக்கையாளருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பட்டா லொறி. வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம். உங்கள் 9 இலட்சத்தில் பெரும் பகுதி முற்பணமாகப் போய்விடும். மிச்சத்தில் பிலிம் வாங்குவீர்கள். முதல் மழைக்காலத்தில் வேலை குறைய, தவணை மட்டும் குறையாது. ஒரு தவணையை அடைக்க இன்னொரு கடன் என்று போய் மூழ்கிய குடும்பங்களை எங்கள் மாவட்டம் நிறையப் பார்த்துவிட்டது. 2022 இல் பெற்றோல் வரிசையில் கியூஆர் காட்டி வாரத்துக்கு எண்ணி ஊற்றிய காலத்தையும் நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு ஓடுவதையே முழுத் தொழிலாக வைத்திருந்தவர்கள் அப்போது முழுதாக முடங்கினார்கள். டின்ட் சாமான் முழுவதையும் ஒரு மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகலாம்: பிலிம் சுருள், சூடேற்றும் கன், தண்ணீர்ப் போத்தல், ரப்பர் வழிப்பான்கள், பிளேட், துவாய். கழுவும் சாமானுக்கு ஒரு ஆட்டோ போதும். இரண்டு வாளி, அடியில் மண் தங்குகிற தட்டு, தண்ணீர் ஊற்றி அலசத் தேவையில்லாத கழுவு திரவம், பத்துப் பன்னிரண்டு மைக்ரோபைபர் துவாய். அந்த முறையில் ஒரு சின்னக் காருக்கு 10 லீற்றர் அளவு தண்ணீரே போகும். சேறு அப்பிய கார் என்றால் மட்டும் முதலில் குழாயால் அடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சேற்றையே பெயின்டில் தேய்த்ததாகிவிடும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு பாவிக்காதீர்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிற எங்கள் மணல் பூமியில் ஒரு கிணறு இனிக்கும், நாலு வீடு தள்ளி அடுத்தது உவர்க்கும். சில குழாய்க்கிணற்றில் இரும்பு வாடை. இந்தத் தண்ணீர் கறுப்புக் காரில் வெயிலில் காய்ந்தால் வெள்ளை வட்டங்கள் பதியும். நாள்பட்டால் கிளியர் கோட்டையே அரிக்கும். குழாய்த் தண்ணீர் இருக்கிற வீட்டில் அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் 20 லீற்றர் கானில் கொண்டு போங்கள். உப்பளவு பார்க்கிற சின்ன மீற்றர் ஒன்று பையில் இருக்கட்டும். கழுவிய தண்ணீரை வாவிக்குப் போகிற வடிகானுக்குள் திருப்பி விடாதீர்கள். டயர் அசிட் என்று விற்கிற சாமானைத் தொடவே வேண்டாம். அது உங்கள் கைக்கும் கூடாது, காரின் அலோய் ரிம்முக்கும் கூடாது.

சரி, டின்ட். உங்கள் சாப்பாடு முதலில் இதிலிருந்துதான் வரும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் டின்ட் கேட்டு வருகிறவர் பத்துப் பேரில் எட்டுப் பேர் "நல்ல கறுப்பா அடிங்க, சூடு தாங்கேலாம இருக்கு" என்பார்கள். கறுப்புக்கும் சூட்டுக்கும் அவர்கள் நினைக்கிற அளவு உறவில்லை என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான். வெயிலின் சூட்டில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் வருகிறது. சாயம் பூசிய மலிவுப் பிலிம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத்தான் மறைக்கும். அகச்சிவப்பைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். இரண்டு வருடத்தில் ஊதா நிறமாகி, குமிழி விட்டு, பழைய பஸ் கண்ணாடி மாதிரி ஆகும். நல்ல செரமிக் பிலிம் வெளிச்சத்தை 70 வீதம் உள்ளே விட்டும்கூடச் சூட்டை நன்றாகத் தடுக்கும். கடையில் இரண்டு கண்ணாடித் துண்டு வையுங்கள். ஒன்றில் மலிவுக் கறுப்பு, மற்றதில் தெளிவான செரமிக். பின்னால் ஒரு சூட்டு பல்பைப் பிடித்து வாடிக்கையாளரின் கையை முன்னால் வைக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும். காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) இப்படிக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, தன் காருக்கு மட்டுமல்லாமல் மகளின் காருக்கும் தெளிவான பிலிமே போட்டுப் போனார்.

பிலிம் வாங்கும்போது உங்களையும் ஏமாற்றுவார்கள். செரமிக் என்று பெட்டியில் அச்சடித்து உள்ளே சாயப் பிலிம் வைத்து எனக்கே ஒருவர் விற்றிருக்கிறார். அதை ஒட்டிய ஏழு கார்களுக்கும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். சுருள் வாங்க முன் ஒரு துண்டு கேளுங்கள். பசைப் பக்கத்தில் நகப்பூச்சு கழுவும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேயுங்கள். நிறம் பஞ்சுக்கு வந்தால் அது பசையில் சாயம் கலந்த பிலிம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு அதே சூட்டு பல்பு. இரண்டிலும் தேறிய பிலிமை மட்டும் வாங்குங்கள். தொடக்கத்தில் வெளிச்சத்தை 70 வீதம் விடுவது, 35 வீதம் விடுவது என்று இரண்டு அளவு போதும். 1.52 மீற்றர் அகலம், 30 மீற்றர் நீளச் சுருள். சின்னக் கார் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 4 மீற்றர் போகும். முதல் மாதங்களில் வீணாகிறதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பொலிஸ் பிடிக்குமா என்று கேட்டீர்கள். பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் போய், எந்தக் கண்ணாடிக்கு எவ்வளவு வெளிச்சம் விட வேண்டும் என்ற இன்றைய விதியை எழுத்தில் கேட்டு வாங்கிக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். "அங்க அவன் ஒட்டித் தாறான்" என்கிறவருக்கு அந்தக் கடதாசியைக் காட்டுங்கள். ஒரு கணக்கையும் மறக்க வேண்டாம்: காரோடு வருகிற கண்ணாடியே 100 வீத வெளிச்சம் விடுவதில்லை. 75 வீதம் விடுகிற கண்ணாடியில் 35 பிலிம் ஒட்டினால் கடைசியில் உள்ளே வருவது 26 வீதம்தான். மீற்றர் வைத்துப் பார்க்கிறவர் அந்த 26 ஐத்தான் பார்ப்பார். சில வான்களின் பின் கண்ணாடி ஜப்பானிலிருந்தே கறுப்பாக வந்திருக்கும். அதன் மேல் தெளிவான பிலிமைத் தவிர வேறு எதையும் ஒட்டாதீர்கள்.

முன் கண்ணாடிக்கும் முன் கதவுகள் இரண்டுக்கும் கறுப்பே வேண்டாம் என்பது என் கடைச் சட்டம். விதிக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. கிரானிலிருந்து வாழைச்சேனைப் பக்கம் இரவில் ஓடியிருப்பீர்கள். லைட் இல்லாத வீதியில் கட்டாக்காலி மாடு படுத்துக்கிடக்கும், சைக்கிளில் லைட் இருக்காது. பக்கக் கண்ணாடி கறுத்திருந்தால் திரும்பும்போது ஓரத்தில் நடக்கிற பிள்ளை தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. கறுத்த கண்ணாடி வைத்த வான் வாசலில் வந்து நின்றால் எங்கள் ஊரில் நெஞ்சு பதைக்கிற தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். ஆட்களை வானில் தூக்கிக்கொண்டு போன காலத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். முகம் தெரிகிற கண்ணாடியோடு ஒருவர் வந்து இறங்குவது இந்த மண்ணில் ஒரு மரியாதை.

ஒட்டுகிற விதம் உங்களுக்குத் தெரியும். ஊருக்கு ஏற்ற இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன். பின் கண்ணாடியில் இருக்கிற சூடேற்றுக் கம்பிக் கோடுகளின் மேல் பழைய பிலிமை எடுக்கும்போது பிளேட்டைக் கொண்டு போகாதீர்கள், நீராவி போட்டு மெதுவாக உரியுங்கள். கதவில் தண்ணீர் அடிக்கும்போது கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சுக்கு மேல் துவாய் போட்டு மூடுங்கள். பழைய காரின் சுவிட்ச் நனைந்து போனால், அதற்கான சாமான் கொழும்பிலிருந்து வரும்வரை அவர் உங்கள் வீட்டு வாசலில்தான் நிற்பார். ஒட்டிய பிறகு நாலைந்து நாள் கண்ணாடியை இறக்கக் கூடாது, மாரியில் ஒரு கிழமைக்கு மேல். இதைச் சொன்னால் மறந்துவிடுவார்கள், சுவிட்சின் மேலேயே ஒரு துண்டு டேப் ஒட்டி விடுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு வேலையை நான் சேர்க்கிறேன். அதுதான் உங்களை வேகமாக ஊருக்குத் தெரியப்படுத்தும். ஹெட்லைட். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் சனங்கள் இருக்கிற வாகனத்தையே வைத்து ஓடினார்கள். திறந்த பிறகும் புதிதின் விலையைக் கேட்டுவிட்டுப் பழையதையே பார்த்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அதனால் வீதியில் நிற்கிற பாதி வாகனத்தின் ஹெட்லைட் மஞ்சளித்துப் போயிருக்கிறது. 800, 1500, 2000, 3000 என்று வரிசையாக ஈர உப்புத்தாள், பிறகு பொலிஷ், கடைசியில் ஒரு பாதுகாப்புப் பூச்சு. அந்தக் கடைசிப் பூச்சு இல்லாவிட்டால் சில மாதத்தில் திரும்ப மஞ்சளிக்கும். பற்பசை போட்டுத் தேய்த்து விடுகிறவர்களுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. இரண்டு லைட்டுக்கும் ஒன்றரை மணி நேரம். சாமான் ஒரு கைப்பையில் அடங்கும். வீட்டு வாசலிலேயே செய்யலாம். பார்த்துக்கொண்டு நிற்கிற பக்கத்து வீட்டுக்காரரே அடுத்த வாடிக்கையாளர்.

பொலிஷ் வேலைக்கு முன் பெயின்டின் தடிப்பு அளக்கிற மீற்றர் ஒன்று கட்டாயம். பொலிஷரை வாங்க முன் இதை வாங்குங்கள். கொம்பனிப் பெயின்ட் மொத்தமாக 100 இலிருந்து 150 மைக்ரோன் அளவில் இருக்கும். 200 ஐத் தாண்டினால் மறுபடி அடித்த பெயின்ட். 300, 400 என்று போனால் உள்ளே பள்ளம் நிரப்பிய பட்டி இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய கார்களில் ஒரு கதவாவது டிங்கர் வேலை பார்க்காமல் இருக்காது. மறுபடி அடித்த பெயின்டில் கிளியர் எவ்வளவு இருக்கிறது என்பதை மீற்றரும் சொல்லாது, அங்கே மெல்லிய பொலிஷோடு நிறுத்துங்கள். உரிமையாளருக்கே தெரியாத விபத்து வேலையை அந்த மீற்றர் காட்டிக்கொடுக்கிற நேரமும் வரும். அப்போது பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் அந்தக் காரைப் பெருங்காசு கொடுத்து வாங்கியிருப்பார்.

வேலை தொடங்க முன் காரைச் சுற்றிப் போனில் படம் எடுங்கள். ஒவ்வொரு கீறலையும் உரிமையாளருக்குக் காட்டி, பில்லில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். தெரிந்த ஆள், சொந்தக்காரர் என்றால் இன்னும் கட்டாயமாக வாங்குங்கள்.

வாக்குறுதியில் கவனம். செரமிக் கோட்டிங் போட்டால் கல் பட்டாலும் கீறாது என்று சொல்லாதீர்கள். அது 1, 2 மைக்ரோன் படலம். தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்க வைக்கும், காக எச்சம் ஊற முன் கழுவிவிட அவகாசம் தரும், வெயிலில் மங்குவதைக் குறைக்கும். கல்லைத் தாங்குவது பிபிஎஃப். அது 150 இலிருந்து 200 மைக்ரோன் தடிப்பு. ஆனால் முழுக் காருக்கு 15 மீற்றர்ச் சுருள் ஒன்று அப்படியே போகும். அந்த விலை கொடுக்கிறவர் எங்கள் இரண்டு மாவட்டத்திலும் சிலர்தான். அதனால் முழுச் சுருள் வாங்கிப் பணத்தை முடக்காதீர்கள். கதவுப் பிடிக்குள் நகம் படுகிற இடம், கதவு விளிம்பு, ஹெட்லைட், பம்பர் முனை என்று துண்டு வேலையாகத் தொடங்குங்கள். கல்லடி, நாவலடிக் கடற்கரை வீட்டுக்காரர்கள் துருவுக்கு மருந்தா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லுங்கள். துரு வருவது கதவின் அடியிலும் சில்லு வளைவுக்குள்ளும். கதவின் அடியில் இருக்கிற வடிகால் துளைகளை ஊசியால் குத்தித் திறந்து விடுங்கள், அதற்குக் காசு வேண்டாம். நான் அப்படிச் செய்து கொடுத்ததால் ஒரு ஆசிரியை மூன்று வருடமாக என்னிடம்தான் வருகிறார்.

வாடிக்கையாளர் எங்கே என்பதற்கு, கார் பகல் முழுக்க அசையாமல் நிற்கிற இடங்களை எண்ணுங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், வங்கிகள், கச்சேரி (மாவட்டச் செயலகம்). காலை எட்டு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போகிற கார்கள். நிருவாகத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டு, ஒரு நாளைக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொண்டால் ஒரே பயணத்தில் மூன்று நாலு வேலை. மட்டக்களப்பு ஒரு நாள், கல்முனை, சாய்ந்தமருது ஒரு நாள், அக்கரைப்பற்று கிழமைக்கு ஒரு நாள். அழைத்த அழைப்புக்கெல்லாம் ஓடினால் கூலியைப் பெற்றோல் தின்றுவிடும். பாசிக்குடா, அறுகம்பைப் பக்கம் பயணிகளை ஏற்றுகிற வான்காரர்களுக்கு உள்பக்கத் துப்புரவு அடிக்கடி தேவை, ஆனால் அவர்கள் மாத முடிவில்தான் காசு தருவார்கள். கடன் வரம்பை முதல் நாளே பேசுங்கள். டின்டுக்கும் கோட்டிங்குக்கும் பாதிக் காசு முற்பணம், மச்சானாக இருந்தாலும்.

விலை போடும்போது பக்கத்துக் கடையைப் பார்த்து நூறு ரூபா குறைக்காதீர்கள். பிலிம், வீணானது, உங்கள் மணிக்கூலி, பெற்றோல், அறை வாடகை, பத்தில் ஒன்றைத் திரும்பச் செய்யவேண்டி வரும் என்ற கணக்கு, எல்லாம் சேர்த்து வருகிறதுதான் விலை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து, அறை இருக்கிற இடத்துப் பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ உரிமம் எடுத்துவிடுங்கள். அலுவலகங்களுக்கு வேலை செய்ய அது கேட்பார்கள்.

மின்சாரம் பற்றி ஒன்று. சூடேற்றும் கன்னும் தண்ணீர் அடிக்கிற மோட்டாரும் ஒவ்வொன்றும் 1500 வாட் அளவு இழுக்கும். வாடிக்கையாளர் வீட்டில் இரண்டையும் ஒரே பிளக்கில் போடாதீர்கள். தடித்த வயர், நடுவில் சொந்த ட்ரிப் சுவிட்ச், காலில் ரப்பர்ச் செருப்பு. ஈரத் தரையில் நிற்கிற தொழில் இது.

காலத்தையும் பாருங்கள். கார்த்திகை, மார்கழி, தை மழையில் புதுத் தொழில் திறக்க வேண்டாம். அந்த மூன்று மாதமும் அறையைச் சரிசெய்து, கராஜில் கிடக்கிற பழைய கதவுகள் இரண்டு மூன்றை வாங்கி வைத்து ஒட்டி, உரித்து, திரும்ப ஒட்டிப் பழகுங்கள். பெரும்போக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கையில் காசு புழங்கும்போது திறவுங்கள். புது வாகனம் எடுத்தவர்கள் மாமாங்கப் பிள்ளையாருக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வார்கள். பொனட்டில் சந்தனமும் குங்குமமும் வெயிலில் காய்ந்து கறையாகும். பொட்டு வைக்காதீர்கள் என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நாள் காலை நானே வந்து துடைத்துத் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

அப்பாவுக்குப் பதில் வாயால் சொல்ல வேண்டாம். அவர் ஹயர் ஓடுகிற வானின் ஹெட்லைட் இரண்டும் எப்படி இருக்கிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். மஞ்சளித்திருந்தால் ஒன்றை மட்டும் முதலில் தெளிவாக்கி, மற்றதை அப்படியே விட்டு, இரவில் லைட்டைப் போட்டு அவரை முன்னால் கூட்டிவந்து காட்டுங்கள். அந்தப் படத்தை எடுத்து வையுங்கள், கடைச் சுவருக்கு வேண்டும். மற்ற லைட்டை அடுத்த நாள் காலை செய்யலாம்.